கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஒரு தேசம்

1885ம் வருஷம் மார்ச் மாதம் ஆலன் ஆக்டேவியன் ஹியூமும் அவரைச் சேர்ந்தவர்களும் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார்கள். டிசம்பர் 25ந் தேதி முதல் 31ந் தேதி வரை பூனாவில் ஒரு மகாநாடு கூடும் என்பது அதில் கண்ட செய்தி. எதற்காகக் கூடுவது என்பதற்கு இரண்டு காரணங்கள் சொல்லியிருந்தார்கள். தேச முன்னேற்றத்திற்காக உழைக்கிறவர்கள் ஒருவரையொருவர் நேரில் அறிந்துகொள்வது முதல் காரணம். வரும் வருஷத்தில் செய்ய வேண்டிய அரசியல் காரியங்களைப் பேசித் தீர்மானிப்பது இரண்டாவது. பூனாவில் காலரா கண்டதால் கூட்டம் பம்பாய்க்கு மாறிற்று. கோகுல்தாஸ் தேஜ்பால் சம்ஸ்கிருதக் கல்லூரியில் 28ந் தேதி 72 பேர் கூடினார்கள். பிறகு நடந்தவற்றை நாம் பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டோம். அதாவது, தீர்மானங்களைப் படித்தோம். தலைவர்களின் பெயர்களையும் வருஷங்களையும் நெட்டுருப் போட்டோம். முதல் காரணம் என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. காங்கிரஸ் என்ற ஸ்தாபனத்தின் முதல் முப்பது வருஷச் சரித்திரத்தில் உருப்படியாக நடந்தது அந்த முதல் காரணம்தான் என்பது என் அபிப்ராயம். தீர்மானங்கள் பெரும்பாலும் வருஷா வருஷம் அதே தீர்மானங்கள். ஆனால் வந்தவர்கள் வந்தபடியே திரும்பவில்லை.

ஏன் டிசம்பர் கடைசி வாரம் என்பதற்கு விடை சுலபம். கோர்ட்டுகள் மூடியிருக்கும். வந்தவர்களில் பெரும்பான்மையோர் வக்கீல்கள். மற்றவர்கள் பத்திரிகைக்காரர்கள், ஆசிரியர்கள், மிராசுதார்கள். ஆள்பவனின் பண்டிகை ஆளப்படுபவனுக்கு லீவாகக் கிடைத்தது. இதில் உள்ள வேடிக்கையைப் பலரும் அப்போதே கண்டிருப்பார்கள். எனக்கு வேறொன்று முக்கியமாகப் படுகிறது. தீபாவளி அன்றோ பொங்கல் அன்றோ ரம்ஜான் அன்றோ ஒருவன் வீட்டை விட்டுக் கிளம்ப முடியாது. கிளம்பினால் அது துக்கம், அல்லது சண்டை. நம் பண்டிகைகள் எல்லாம் ஆட்களை ஊருக்கு இழுக்கிற பண்டிகைகள். தன் வீட்டில் கொண்டாட எதுவும் இல்லாத ஒரு விடுமுறை, பத்து நாள் நீளமுள்ளது, ரயிலும் ஓடுகிற காலத்தில் கைக்கு வந்தபோதுதான், ஊரை விட்டுப் போய் அந்நியர்களைச் சந்திப்பது என்கிற பழக்கம் நம்மில் ஒரு சிறு வகுப்பாருக்கு ஏற்பட்டது. யாத்திரை போகிறவர்கள் முன்பும் இருந்தார்கள். ஆனால் காசிக்குப் போனவன் விசுவநாதரைப் பார்க்கப் போனான், அங்கே வந்திருக்கும் பஞ்சாபிக்காரனைப் பார்க்கப் போகவில்லை.

இந்த விடுமுறை எல்லோருக்கும் விடுமுறை அல்ல. தூத்துக்குடிக் கடற்கரையில் பரதவர்கள் 1530களிலேயே கத்தோலிக்கர்கள் ஆனவர்கள். சவேரியார் 1542ல் வந்தபோது அங்கே அவருக்குச் சபை காத்திருந்தது. அவர்களுக்கு டிசம்பர் 25 சொந்தப் பண்டிகை. ஆகவே வீட்டில் இருக்க வேண்டிய நாள். அங்கிருந்து முப்பது கிலோமீட்டருக்குள் உள்ளே வந்தால் ஓட்டப்பிடாரம். கரிசல் மண், பருத்தி, கம்பு, மிளகாய். கூப்பிடு தூரத்தில் பாஞ்சாலங்குறிச்சி. இங்கே டிசம்பர் 25 மார்கழியில் ஒரு நாள். வக்கீலுக்கு மட்டும் அது வேறு.

1872 செப்டம்பர் 5ந் தேதி ஓட்டப்பிடாரத்தில் பிறந்த சிதம்பரம் பிள்ளை ஒரு வக்கீலின் மகன். தந்தை உலகநாத பிள்ளை. இவரும் இரண்டாம் தர வக்கீல் பரீட்சையில் தேறி 1895 வாக்கில் ஓட்டப்பிடாரத்திலேயே தொழில் தொடங்கினார். 1900ல் தூத்துக்குடிக்குப் பெயர்ந்தார். சிற்றூர் வக்கீலின் வாழ்க்கையை நாம் இலேசாக எண்ணிவிடுகிறோம். நிலத்தகராறு, அடிதடி, போலீஸ்காரன் பொய்க் கேஸ், சாட்சி கலைப்பு. இவற்றின் நடுவே அவருக்குச் சைவ சித்தாந்தத்திலும் பழந்தமிழ் நூல்களிலும் ஈடுபாடு. உலகம் அவருக்குப் பத்திரிகையாக வந்தது. சுதேசமித்திரன் 1899ல் தினசரியாகியிருந்தது. தபாலில் ஒருநாள் தாமதமாக வந்தாலும் அன்றாடம் வந்தது. ரஷ்யாவை ஜப்பான் அடித்த செய்தியும் வங்காளத்தைக் கர்சான் இரண்டாக வெட்டிய செய்தியும் இந்த வழியாகத்தான் கரிசல் காட்டுக்கு வந்தன.

எட்டயபுரம் ஓட்டப்பிடாரத்துக்கு அயலூர். இரண்டுக்கும் நடுவே கரிசல் காடு தவிர வேறொன்றுமில்லை. தம் தந்தைக்கும் பாரதியின் தந்தை சின்னச்சாமி ஐயருக்கும் பழக்கம் உண்டு என்று வ.உ.சி. தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். இருந்தும் மகன்கள் இருவரும் ஒருவரையொருவர் அறிந்துகொண்டது சென்னைப் பட்டணத்தில், 1906ல், ஒரு பத்திரிகை அலுவலகத்தில். தந்தைகளின் நட்பு ஊர் நட்பு. மகன்களின் நட்பு செய்தியால் ஏற்பட்ட நட்பு. ஒரே செய்தியைப் படித்து ஒரே மாதிரி கொதித்த இருவர் சந்தித்தபோது பக்கத்து ஊர்க்காரர்கள் என்பது பின்னால்தான் ஒரு சந்தோஷமாகச் சேர்ந்துகொண்டிருக்கும்.

காங்கிரஸ் பந்தலுக்குத் திரும்புவோம். நாலாயிரம் ஐயாயிரம் பேர் உட்காரும் பந்தலில் ஒலிபெருக்கி இல்லை. பின்வரிசையில் இருந்தவனுக்குத் தலைமை உரை காதில் விழுந்திருக்காது. விழுந்தாலும் அது ஆங்கிலம், அதுவும் பர்க்கும் கிளாட்ஸ்டனும் கலந்த ஆங்கிலம். மறுநாள் அச்சில் வரப்போகிற உரையைக் கேட்க யாரும் நாலு நாள் ரயிலில் வரவேண்டியதில்லை. எதற்கு வந்தார்கள் என்றால், மாகாணம் மாகாணமாகப் போட்டிருந்த பிரதிநிதிகளின் விடுதிக்காக. சாப்பாட்டு வரிசைக்காக. திரும்புகிற ரயில் பெட்டிக்காக. அச்சில் வராத செய்தி அங்கேதான் கிடைக்கும். இன்ன கலெக்டர் எப்படி, இன்ன பத்திரிகைக்கு யார் பணம் போடுகிறார்கள், பரிசாலில் உண்மையில் என்ன நடந்தது, திலகர் கிட்டத்தில் எப்படி இருப்பார். பத்திரிகை செய்தியைக் கொடுக்கும், தொனியைக் கொடுக்காது. தொனி வேண்டுமென்றால் ஆளைப் பார்க்க வேண்டும். பாரதி நிவேதிதாவைச் சந்தித்தது இப்படி ஒரு டிசம்பர் காங்கிரஸுக்குப் போன யாத்திரையில்தான். எந்தத் தீர்மானப் புத்தகத்திலும் அந்தச் சந்திப்பு இல்லை. 1908ல் வந்த ஸ்வதேச கீதங்களின் சமர்ப்பணப் பக்கத்தில் இருக்கிறது.

சென்னையில் முதல் முறை காங்கிரஸ் கூடிய 1887ல், பத்ருதீன் தயாப்ஜி தலைமையில், ஆயிரம் விளக்குப் பக்கம் ஒரு தோட்டத்தில் பந்தல் போட்டார்கள். வீரராகவாச்சாரியார் எழுதிய காங்கிரஸ் வினாவிடை என்ற தமிழ்ச் சிறு பிரசுரம் ஆயிரக்கணக்கில் ஊர்களுக்குப் போயிற்று. அணாக்கணக்கில் சந்தா சேர்ந்தது. ஜனங்களிடம் போகவேண்டும் என்கிற எண்ணம் இல்லாமலில்லை. ஆனால் போன எண்ணம் திரும்பி வந்துவிடும், ஜனவரி 2ந் தேதி கோர்ட் திறந்துவிடும். 1897ல் அமராவதி காங்கிரஸில் அசுவினி குமார தத்தர் எழுந்து இது மூன்று நாள் தமாஷா என்று சொன்னார். அந்தச் சொல் நிலைத்துவிட்டது. வருஷத்துக்கு ஒருமுறை தவளை மாதிரிக் கத்தி என்ன பயன் என்பது திலகரின் கேள்வி. இரண்டும் நியாயமான கோபம்தான். ஆனால் தத்தரும் தமாஷாவுக்குப் போய்த்தான் இதைச் சொன்னார், வீட்டில் இருந்துகொண்டு சொல்லவில்லை. போனதால்தான் கேட்டவர்களும் இருந்தார்கள்.

இந்த இடத்தில் நம்மைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போவது நாணயமாகாது. இருநூறு முந்நூறு பேர் படிக்கிற பத்திரிகைகளில் எழுதுகிற நாமும் வருஷத்துக்கொருமுறை, மார்கழி தை சமயத்தில், சென்னைப் புத்தகக் கண்காட்சியில்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறோம். 1977 முதல் இதுதான் நமக்குக் காங்கிரஸ். வருஷம் முழுவதும் கடிதத்தில் அடித்துக்கொண்டவர்கள் அங்கே சேர்ந்து காப்பி குடிக்கிறார்கள். யார் உடம்பு சரியில்லை, யார் எழுதுவதை நிறுத்திவிட்டார், யார் யாரோடு பேசுவதில்லை என்ற செய்திகளைத் தெரிந்துகொண்டு பஸ் ஏறுகிறோம். தமாஷா என்று இதையும் சொல்லலாம். சொல்லுகிறவர்களும் அடுத்த வருஷம் வருகிறார்கள்.

1906 அக்டோபர் 16ந் தேதி சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவாயிற்று. 1907 மே மாதம் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்தன. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கொழும்புக் கட்டணத்தைக் குறைத்ததும், பிறகு சும்மாவே ஏற்றிக்கொண்டதும், குடை கொடுத்ததும் எல்லோரும் அறிந்த கதை. மீண்டும் சொல்லவேண்டாம். ஒன்றை மட்டும் நினைவூட்டுகிறேன். 1914ல் பாம்பன் பாலம் திறந்து தனுஷ்கோடி வழி ஏற்படும் வரை, சென்னையிலிருந்து வரும் போட் மெயில் தூத்துக்குடியில்தான் முடிந்தது. கொழும்புக்குப் போகிற ஆளும் கடுதாசியும் இங்கேதான் கப்பல் ஏற வேண்டும். தோட்டத்துக்குப் போன மகனின் கார்டு கரிசல் காட்டுக்கு இந்தத் துறைமுகம் வழியாகத்தான் வரும். அந்தக் கடுதாசி வெள்ளைக்காரன் கப்பலில் வருவதா நம் கப்பலில் வருவதா என்பது, பங்கு வாங்கினவர்களுக்கு, வெறும் வியாபாரக் கேள்வியாக இருந்திருக்காது.

கம்பெனி இப்படி மூச்சு முட்டிக்கொண்டிருந்த 1907 டிசம்பரில் வ.உ.சி. சூரத்துக்குக் கிளம்பினார். முதலில் நாகபுரி என்று இருந்தது. அங்கே திலகர் கட்சிக்குப் பலம் அதிகம் என்பதால் மிதவாதிகள் சூரத்துக்கு மாற்றினார்கள். சென்னையிலிருந்து புதிய கட்சியைச் சேர்ந்த ஒரு கூட்டமே புறப்பட்டது. பாரதியும் இருந்தார். சேலத்து வக்கீல் ராஜகோபாலாச்சாரியும் அந்தக் காங்கிரஸுக்குப் போனார். தூத்துக்குடியிலிருந்து மீட்டர் கேஜில் சென்னை, சென்னையிலிருந்து அகல ரயிலில் பம்பாய், அங்கிருந்து சூரத். பாரதி திரும்பி வந்து எங்கள் காங்கிரஸ் யாத்திரை என்று ஒரு சிறு நூல் எழுதினார். யாத்திரை என்ற சொல்லை அவர் காரணமில்லாமல் போட்டிருக்கமாட்டார். அந்த நூலை நம்மில் எத்தனை பேர் படித்திருக்கிறோம் என்பது சந்தேகம். பாரதியைக் கவிதையில் மட்டும் தேடுகிற பழக்கம் நமக்கு.

தபதி நதிக்கரையில் பந்தல். டிசம்பர் 26ந் தேதி ராஷ் பிஹாரி கோஷைத் தலைவராக வழிமொழிய சுரேந்திரநாத் பானர்ஜி எழுந்தபோதே கூச்சல். கூட்டம் ஒத்திப் போடப்பட்டது. மறுநாள் திலகர் மேடையேறித் திருத்தம் கொண்டுவருவேன் என்று நின்றார். அப்போது கூட்டத்திலிருந்து ஒரு செருப்பு பறந்து வந்தது. சிவப்புத் தோல் மராத்திச் செருப்பு. அது பானர்ஜியின் மேல் பட்டு பெரோஸ்ஷா மேத்தாவின் மேல் விழுந்தது. நாற்காலிகள் பறந்தன. போலீஸ் வந்து பந்தலைக் காலி செய்தது. மாஞ்செஸ்டர் கார்டியனுக்கு எழுத வந்திருந்த நெவின்சன் என்ற ஆங்கிலேயர் மேடையிலிருந்து இதைப் பார்த்து எழுதி வைத்ததால், அந்தச் செருப்பின் அடிப்பாகத்தில் ஆணி அடித்திருந்தது வரை நமக்குத் தெரிகிறது. இருபத்திரண்டு வருஷம் கிறிஸ்துமஸ் விடுமுறையில் நண்பர்களாகச் சந்தித்துவந்த ஒரு கூட்டம் அதோடு இரண்டாயிற்று. 28ந் தேதி திலகர் கட்சியார் அரவிந்தர் தலைமையில் தனியே கூடினார்கள். எங்கும் புதிய கட்சிக்கு வேலை தொடங்குவது என்று பேசிக்கொண்டு பிரிந்தார்கள்.

சூரத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பிளவைப் பற்றியே எழுதுகிறார்கள். பிளவு என்றால் ஒரு பக்கத்தில் பிரிந்தவர்கள் இன்னொரு பக்கத்தில் சேர்ந்தார்கள் என்றும் பொருள். தூத்துக்குடி வக்கீலும் கல்கத்தா ஆசிரியரும் பூனாக் கேசரிக்காரரும் அந்த மூன்று நாளில் ஒரே கட்சி ஆனார்கள். வ.உ.சி. ஊர் திரும்பியபோது கோர்ட் திறந்திருக்கும். ஆனால் இந்த முறை அவர் ஜனவரியில் பழைய ஆளாகத் திரும்பவில்லை. இதற்குப் பின் நடந்ததெல்லாம் பத்துப் பதினொரு வாரத்தில் நடந்தது.

1908 பிப்ரவரி முதல் வாரத்தில் சுப்பிரமணிய சிவாவோடு சேர்ந்து தூத்துக்குடியில் கூட்டங்கள் தொடங்கின. பேச்சு தமிழில். கேட்டவர்கள் வக்கீல்கள் அல்லர். ஹார்வி கம்பெனியின் கோரல் மில் தொழிலாளிகள், துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள், வண்டிக்காரர்கள். பிப்ரவரி 27ந் தேதி கோரல் மில்லில் வேலை நிறுத்தம். கோரிக்கைகளைப் பாருங்கள். கூலி உயர்வு ஒன்று. வாரத்தில் ஒருநாள் விடுமுறை இன்னொன்று. மற்ற விடுப்பு வசதிகள் வேறொன்று.

இந்த இடத்தில் நான் வெகு நேரம் நின்றுவிட்டேன். டிசம்பர் விடுமுறையில் பிறந்து, டிசம்பர் விடுமுறையிலேயே வளர்ந்து, டிசம்பர் விடுமுறையிலேயே உடைந்த ஒரு இயக்கத்திலிருந்து ஒருவர் ஊர் திரும்புகிறார். திரும்பி இரண்டு மாதத்தில், விடுமுறையே இல்லாத மனிதர்கள் மத்தியில் நின்று, இவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வேண்டும் என்கிறார். இதை அவர் இப்படி யோசித்துச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. யோசித்ததாக அவர் எங்கும் எழுதவில்லை. தொழிலாளி எதைக் கேட்டானோ அதை அவர் எடுத்துக்கொண்டார். ஆனால் அதற்கு முன் இருபத்திரண்டு காங்கிரஸில் இந்தக் கேள்வி எழவில்லை. ராணுவச் செலவு, ஐ.சி.எஸ். பரீட்சையின் வயது வரம்பு, சட்டசபை விஸ்தரிப்பு எல்லாம் எழுந்தன. ஓய்வு என்பது தனக்கு ஏற்கெனவே இருக்கிற ஒரு வகுப்புக்கு அது கேட்டுப் பெறவேண்டிய பொருளாகத் தோன்றாது. ஆலைக்காரனுக்கு ஒருநாள் கிடைத்தால் அவன் என்ன செய்வான்? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து ஊர் மச்சானைப் பார்க்கப் போவான். ஒருவரையொருவர் நேரில் அறிந்துகொள்வது என்று ஹியூம் எழுதிய முதல் காரணம்தான் அது.

ஊர் ஆலைக்காரர்கள் பக்கம் நின்றது. கடைக்காரர்கள் உதவினார்கள். வேலை நிறுத்தத்தை எதிர்த்துப் பேசிய ஒரு வக்கீலுக்குப் பாதிச் சவரத்தில் நாவிதர் எழுந்து போய்விட்டார் என்ற கதை இன்றும் சொல்லப்படுகிறது. மார்ச் முதல் வாரத்தில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது. ஞாயிறு விடுமுறையாயிற்று. கல்கத்தாவில் அரவிந்தரின் வந்தே மாதரம் சிதம்பரத்தைப் பாராட்டி எழுதிற்று. சூரத்தில் ஒரே பந்தலில் இருந்தவர்கள் என்பதால் எழுதியவருக்குத் தூத்துக்குடி வெறும் வரைபடப் புள்ளி அல்ல. அதுவரை கல்கத்தாச் செய்தி தெற்கே வரும். இப்போது தெற்கத்திச் செய்தி வடக்கே போயிற்று.

அடுத்த தொலைதூரச் செய்தியோடு காரியம் முடிந்தது. மார்ச் 9ந் தேதி விபின சந்திர பாலர் சிறையிலிருந்து விடுதலை. பாலர் பிறந்தது வங்காளத்தின் கிழக்குக் கோடியில். இருந்த சிறை பக்ஸாரில். அவர் விடுதலையைக் கொண்டாடவேண்டும் என்று தாமிரபரணிக் கரையில் ஜனங்கள் கூடினார்கள். தடையை மீறிக் கூடினார்கள். எங்கோ ஒரு மனிதன் வெளியே வந்ததற்காக இங்கே மூன்று பேர் உள்ளே போனார்கள். 12ந் தேதி வ.உ.சி., சிவா, பத்மநாப ஐயங்கார் மூவரும் கைதானார்கள். 13ந் தேதி திருநெல்வேலி எழுந்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தனர். ஜூலை 7ந் தேதி பின்ஹே என்ற நீதிபதி வ.உ.சி.க்கு இரண்டு ஆயுள் தண்டனை விதித்தார். நாற்பது வருஷம். நவம்பரில் உயர் நீதிமன்றம் அதை ஆறு வருஷமாக்கிற்று.

1908 டிசம்பர் கடைசி வாரத்தில் காங்கிரஸ் சென்னையில் கூடிற்று. மிதவாதிகள் மட்டும். தலைவர் மறுபடியும் ராஷ் பிஹாரி கோஷ். திலகர் மாண்டலேயில். அரவிந்தர் அலிப்பூர்ச் சிறையில். பாரதி புதுச்சேரியில். வ.உ.சி. கோயம்புத்தூர்ச் சிறையில், செக்கடியில். ஒரு வருஷத்துக்கு முன் தபதிக் கரையில் கூடி அடுத்த வருஷத் திட்டம் பேசியவர்களுக்கு அந்த விடுமுறையில் கிடைத்த முகவரிகள் இவை.

சிறையிலிருந்து அவர் நண்பர்களுக்கும் உறவினர்களுக்கும் செய்யுளில் எழுதினார். பல வெண்பாக்கள் பிறகு 1915ல் பாடற்றிரட்டு என்ற நூலில் சேர்ந்தன. கவிதை என்ற அளவில் அவற்றை நான் தூக்கிப் பிடிக்கப் போவதில்லை. யாப்பு பிசகாது, அவ்வளவுதான். புதுக்கவிதைக்காரர்கள் நாம் அவற்றைப் புரட்டிக்கூடப் பார்க்காதது ஆச்சரியமில்லை. ஆனால் அவை கடிதங்கள் என்பதை மறந்துவிட்டுப் படித்தால் பிழை நம்முடையது. சுகமா என்று விசாரிப்பதற்கு நாலு வரியும் தளையும் தேவையில்லை. நாலு வரியும் தளையும் அந்த மனிதருக்குக் கையில் மிஞ்சியிருந்த சொத்து. செக்கைச் சுற்றிக்கொண்டே மனதில் கட்டி நினைவில் வைத்துக்கொள்ளக்கூடிய வடிவம். பிற்பாடு சுயசரிதையையும் அகவலிலேயே எழுதினார். கண்ணனூர்ச் சிறைக்குள் 1911ல் ஆஷ் சுடப்பட்ட செய்தி தமக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதை அதில் சொல்கிறார். மணியாச்சி அவர் ஊருக்குப் பக்கத்து ஜங்ஷன். ஓட்டப்பிடாரத்துக்காரர் ரயில் ஏறுகிற இடம்.

1912 டிசம்பரில் விடுதலை ஆனார். அதே டிசம்பரில் காங்கிரஸ் பாங்கிப்பூரில் கூடிற்று. கண்ணனூர்ச் சிறை வாசலில் கூட்டம் இல்லை என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் எல்லோரும் சொல்லுகிறார்கள். இதை ஜனங்களின் நன்றிகெட்டதனம் என்று எழுதி முடித்துவிடுவது வழக்கம். எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை. 1908 மார்ச்சில் எழுந்தவர்கள் எத்தனையோ பேர் சிறைக்குப் போயிருந்தார்கள். மீதிப்பேர் பயந்திருந்தார்கள். கப்பல் கம்பெனி மூடியாயிற்று, பங்குப் பணம் போயிற்று. பணம் போனவன் மனசு வேறு. நண்பர்களில் ஒருவர் புதுச்சேரியை விட்டு வெளியே வர முடியாது. இன்னொருவர் குஷ்டத்தோடு வெளியே வந்திருந்தார். விடுமுறைக் கால நட்பு என்பது விடுமுறையை ஏற்பாடு செய்ய ஒரு ஸ்தாபனம் இருக்கும்வரைதான் நிற்கும். அந்த ஸ்தாபனம் அப்போது மிதவாதிகள் கையில் இருந்தது. அவர்களுக்கு இவர் யார்?

வக்கீல் பட்டம் பறிபோயிருந்தது. ஊருக்குப் போகாமல் சென்னையில் குடியேறினார். கடை வைத்தார், அது சரிப்படவில்லை. தமிழ் நூல்களில் மூழ்கினார். இந்த வருஷங்களில் அவருக்கு உதவி வந்த திசைதான் விசித்திரம். அது திருநெல்வேலியிலிருந்து வரவில்லை, தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தது. நேட்டாலில் இருந்த தமிழர்கள் அவருக்கென்று பணம் திரட்டி காந்தியிடம் கொடுத்திருந்தார்கள். 1915 ஏப்ரலில் காந்தி சென்னைக்கு வந்து ஜி. ஏ. நடேசன் வீட்டில் தங்கினார். அப்போது இருவருக்கும் கடிதப் போக்குவரத்து தொடங்கிற்று. அந்தப் பணம் எங்கே, யாரிடம், எவ்வளவு என்று கடிதத்துக்கு மேல் கடிதம். அடுத்த வருஷத் தொடக்கத்தில்தான் விஷயம் தீர்ந்தது. தொகை 347 ரூபாய் 12 அணா. அரைகுறையாய்க் கற்ற தமிழில் காந்தி இவருக்குத் தம் கையாலேயே எழுதியிருக்கிறார். ஆ. இரா. வேங்கடாசலபதி இந்தக் கடிதங்களைத் தேடி எடுத்து, அந்தத் தொகையையே தலைப்பில் வைத்து ஒரு புத்தகமாக எழுதினார். வ.உ.சி. கடிதங்கள் என்ற அவருடைய முதல் தொகுப்பு 1984லேயே வந்தது. அப்போது அவர் கல்லூரி மாணவர். நம் வட்டத்தில் அதைக் கையில் எடுத்தவர்கள் குறைவு. அந்த வருஷம் நாம் அமைப்பியலைப் பற்றி அடித்துக்கொண்டிருந்தோம்.

அந்தக் கடிதங்களில் என்னைத் தொட்டது வறுமை அல்ல. வறுமையை அவர் மறைக்கவும் இல்லை, விரித்துப் பேசவும் இல்லை. தமக்கு முகமறியாதவர்கள் டர்பனில் உட்கார்ந்து தம்மை நினைத்திருக்கிறார்கள் என்பதில் அவருக்கிருந்த அக்கறைதான் என்னைத் தொட்டது. பணம் அளவுக்கே, கொடுத்தவர்களுக்கு நன்றி போய்ச்சேர வேண்டும் என்பதும் அவருக்கு முக்கியம். அந்தத் தமிழர்கள் சூரத்துக்கு வந்தவர்களல்லர். கரும்புத் தோட்டத்துக்கும் கடைக்கும் போனவர்கள், போனவர்களின் பிள்ளைகள். செய்தியால் மட்டுமே நண்பர்கள் ஆனவர்கள். ஒருமுறைகூடச் சந்திக்காத நட்பு, வருஷா வருஷம் சந்தித்த நட்பைவிட நீடித்தது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1920ல் ஒத்துழையாமையை ஏற்காமல் காங்கிரஸிலிருந்து விலகினார். பட்டம் திரும்பக் கிடைத்துக் கோவில்பட்டியில் வக்கீல் தொழில். மறுபடியும் கோர்ட், மறுபடியும் டிசம்பர் விடுமுறை. பாரதி 1921 செப்டம்பரில் போய்விட்டார். 1927 நவம்பரில் சேலத்து அரசியல் மகாநாட்டுக்குத் தலைமை வகித்துப் பேசினார். எனது அரசியல் பெருஞ்சொல் என்று அந்த உரை அச்சாயிற்று.

அதே 1927 டிசம்பரில் சென்னையில் அன்சாரி தலைமையில் காங்கிரஸ். முழு விடுதலைத் தீர்மானம் நிறைவேறிற்று. ஆனால் சென்னைக்கு அதனால் மிஞ்சியது வேறு. காங்கிரஸோடு ஒரு சங்கீத மகாநாடு நடத்தினார்கள். அதிலிருந்து 1928ல் மியூசிக் அகாடமி. ஆக, இன்று மார்கழிக் கச்சேரிக்கென்று அமெரிக்காவிலிருந்து வந்து சபா வாசலில் பழைய சிநேகிதர்களைக் கண்டுபிடித்து, காண்டீனில் அடையும் அவியலும் சாப்பிட்டுக்கொண்டு, யார் பாட்டு இறங்கிவிட்டது என்று பேசுகிறவர்கள், தெரிந்தோ தெரியாமலோ ஹியூமின் சுற்றறிக்கைக்குக் கட்டுப்பட்டவர்கள். தமாஷா சங்கீதத்துக்கு வந்து சேர்ந்தது. தேசத்துக்கு அது போதவில்லை. 1929ல் லாகூர்க் குளிரில், ராவி நதிக்கரையில் டிசம்பர் 31 நள்ளிரவில் கொடி ஏற்றியவர்கள், டிசம்பரில் கூடுவதை இனி விட்டுவிடுவது என்றும் தீர்மானித்தார்கள். காரணம் வெளிப்படையானது. வக்கீலிடம் கம்பளிக் கோட்டு உண்டு. குடியானவனிடம் இல்லை. அடுத்த காங்கிரஸ் 1931 மார்ச்சில் கராச்சியில் கூடிற்று.

வ.உ.சி. 1932ல் தூத்துக்குடிக்குத் திரும்பினார். பாரதியைப் பற்றிய நினைவுகளை எழுதி வைத்தார். அது முடிவாகச் சீர் செய்யப்பட்ட எழுத்து அல்ல, நண்பரின் குரலைக் கேட்டபடி எழுதியது போல இருக்கும். பாரதியின் பிற்கால மெலிவைக் கண்டு வருந்தியதையும் அதில் மறைக்கவில்லை. ஓட்டப்பிடாரத்து வீடு இப்போது நினைவு இல்லமாக இருக்கிறது. ஒரு மார்கழியில் அதைப் பார்க்கப் போயிருந்தேன். வெளியே பொங்கலுக்கு வெள்ளை அடிக்க ஒரு வீட்டில் சுண்ணாம்பு குழைத்துக்கொண்டிருந்தார்கள். சென்னையிலிருந்து பிள்ளைகள் வருகிறார்களா என்று ஒரு கிழவி தெருவில் போகிற ஒருவரைக் கேட்டாள். லீவு கிடைக்கவில்லையாம் என்று பதில் வந்தது.

1936 நவம்பர் 18ந் தேதி தூத்துக்குடியில் வ.உ.சி. காலமானார். தம்மைக் காங்கிரஸ் அலுவலகத்துக்கு எடுத்துப்போகச் சொல்லி அங்கேதான் உயிர் விட்டார். நாற்பது நாள்கூட ஆகவில்லை, காங்கிரஸ் பைஸ்பூரில் கூடிற்று. அந்த வருஷம் மறுபடியும் டிசம்பர் கடைசி வாரம். ஆனால் பைஸ்பூர் பட்டணமல்ல. ஒரு கிராமத்தில் கூடிய முதல் காங்கிரஸ் அது.